நூறு தடவை தட்டினாலும்

அந்த மருத்துவமனையின் பதிவறையில் பதினொரு வருடம் நான்கு மாதம் வேலை பார்த்த ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அவரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதி குறைந்தவர் யாரும் இருக்க முடியாது. ஆனால் வேறு யாரும் எழுதப் போவதும் இல்லை.

எங்கள் மென்பொருள் நிறுவனத்தில், எங்களுக்குள், அவரை டபுள் அக்கா என்று கூப்பிட்டோம். பெயர் வைத்தவன் நான்தான். எதையும் இரண்டு முறை செய்வார். லிஃப்ட் பட்டனை இரண்டு முறை அழுத்துவார். அலமாரியைப் பூட்டிவிட்டு நாலடி நடந்தவர் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். தொலைபேசியில் ஒருவரிடம் தேதி சொன்னால், “புரிஞ்சுதா, புரிஞ்சுதா?” என்றுதான் வைப்பார்.

அது எங்கிருந்து வந்தது என்று பிறகுதான் தெரிந்தது. கணினி வருவதற்கு முன்பு அவருடைய வேலை புறநோயாளர் சீட்டுகளுக்கு முத்திரை குத்துவது. மை அட்டை எந்நேரமும் காய்ந்தே கிடக்கும். கேட்டால் அடுத்த மாதம் வரும் என்பார்கள். முதல் குத்தில் தேதி மட்டும் விழும், மருத்துவமனையின் பெயர் விழாது. மருந்துக் கவுன்டரில் சீட்டைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நடக்க முடியாதவர்கள் மறுபடியும் இரண்டு மாடி இறங்கி வருவார்கள். அதனால் ஒவ்வொரு சீட்டுக்கும் இரண்டு குத்து. ஒரு நாளைக்கு முந்நூறு சீட்டு. “முதல் குத்து கவர்மென்ட்டுக்கு, ரெண்டாவது குத்து நோயாளிக்கு” என்று சொல்லிச் சிரிப்பார்.

கண் அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்போர் பட்டியலைக் கணினியில் ஏற்றும் வேலை எங்கள் நிறுவனத்துக்கு வந்தது. அறுநூற்றுச் சொச்சம் பேர். அறுவை முடிந்தவர்கள் தாமாகவே வேறு பக்கத்துக்குப் போய்விடுவார்கள். இறந்தவர்கள், ஊர் மாறியவர்கள், வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர்கள் ஆகியோரைப் பதிவறையிலிருந்து ஒருவர் கையால் நீக்க வேண்டும். அந்த ஒருவர் டபுள் அக்கா. அந்த நீக்கும் கோரிக்கைக்கு என்ன பதில் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் வேலை என்னுடையது.

வெளியே இருப்பவர்களுக்கு இது ஒரு வேலையாகவே தோன்றாது. என் அப்பாவுக்கு இன்று வரை புரியவில்லை. திரையில் பட்டனைத் தட்டினால் கோரிக்கை எங்கோ இருக்கும் சர்வருக்குப் போகும். சர்வர் காரியத்தை முடித்துவிட்டுப் பதில் அனுப்பும். கோரிக்கை எப்படி வர வேண்டும், பதில் எப்படிப் போக வேண்டும் என்கிற ஒப்பந்தத்துக்குத்தான் ஏபிஐ என்று பெயர். நீக்கச் சொன்னால் மூன்று விதமாகப் பதில் சொல்லலாம். ‘நீக்கியாயிற்று, நீக்கப்பட்டவர் இன்னார்’ என்று விவரத்தோடு சொல்லலாம். ‘நீக்கியாயிற்று, சொல்ல வேறொன்றும் இல்லை’ என்று வெறும் எண்ணை மட்டும் அனுப்பலாம். அந்த எண் இருநூற்று நான்கு. ஆள் ஏற்கெனவே இல்லையென்றால் ‘அப்படி ஒருவர் இல்லை’ என்று சொல்லலாம்.

இரண்டு வாரம் இதைப் பற்றியே படித்தேன். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். படித்ததை எல்லாம் அப்படியே நம்புகிற நோய் எனக்கு இருந்தது. நல்ல நீக்கல் என்பது எத்தனை முறை கேட்டாலும் ஒரே விளைவைத் தர வேண்டும் என்று படித்தேன். அந்த வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஆவணத்தில் எழுதினேன்: ‘ஒரு முறை நீக்கினாலும் நூறு முறை நீக்கினாலும் விளைவு ஒன்றே.’

எங்கள் குழுத் தலைவரை லீடர் என்போம். அவர் ஆவணத்தைப் படித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

“நீக்கினவங்க பேரைத் திருப்பி அனுப்பணுமா என்ன?”

“அனுப்பினா யாரை நீக்கினோம்னு பாக்கலாம் சார்.”

“போனவங்க பேரை வச்சு என்ன பண்ணப் போறே, மாலை போடவா? காலியா அனுப்பு. சர்வருக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காலிப் பதில் என்று முடிவானது. இன்னொன்றையும் அப்போதே முடிவு செய்தேன், அதை யாரும் கேட்கவே இல்லை. மருத்துவமனையில் நோயாளிகளை வரிசை எண்ணால்தான் அழைப்பார்கள். ‘பதினாலாம் நம்பர் வாங்க.’ எனவே நீக்கும் கோரிக்கையும் வரிசை எண்ணோடு போகட்டும் என்று எழுதினேன். பதினான்கை நீக்கு. எளிமையாக இருந்தது.

சோதித்தும் பார்த்தேன். பட்டியலில் ‘சோதனை’ என்று ஒரு பெயரைச் சேர்த்தேன். ஒன்றாம் எண்ணை நீக்கினேன். போய்விட்டது. மறுபடி தட்டினேன். ஒன்றும் ஆகவில்லை, அதே காலிப் பதில். ஆவணத்தில் சொன்னது சரியாகிவிட்டது. என் சோதனைப் பட்டியலில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவருக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை.

பயிற்சி கொடுக்க நான்தான் போனேன். பதிவறை தரைத்தளத்தில், படிக்கட்டுக்குக் கீழே. மேலே யார் இறங்கினாலும் தலைக்கு மேல் செருப்புச் சத்தம் கேட்கும். டபுள் அக்கா ஒரு நோட்டு வைத்திருந்தார். நான் சொல்வதையெல்லாம் எழுதிக்கொண்டார். மவுஸைப் பிடிக்கும்போது கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

“தட்டினேன் தம்பி. ஒண்ணும் சொல்லலையே?”

“சொல்லாதுக்கா. போயிடுச்சுன்னு அர்த்தம்.”

“பேரு இன்னும் இங்கேயே நிக்குது?”

“ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் பட்டியல் புதுசாகும். அப்போ போயிடும்.”

“ஒரு வார்த்தை சொன்னா நல்லா இருக்குமே. இன்னாரை எடுத்துட்டேன்னு.”

“எதுக்குக்கா? நீங்கதானே எடுக்கச் சொன்னீங்க.”

அவர் யோசித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஏதோ வெட்கப்பட வேண்டிய விஷயத்தைக் கேட்பதுபோலக் கேட்டார்.

“எனக்குக் கை சும்மா இருக்காது தம்பி. ரெண்டு தடவை தட்டிட்டேன்னா தப்பா எதுவும் ஆயிடாதே?”

என் வாழ்க்கையில் அதுவரை யாரும் என்னிடம் அவ்வளவு நம்பிக்கையோடு ஒரு கேள்வி கேட்டதில்லை. தெரிந்ததால் பதில் சொன்னேனா, தெரிந்தவன் என்று காட்டிக்கொள்ளச் சொன்னேனா என்று இன்றும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

“நூறு தடவை தட்டுங்கக்கா. ஒண்ணும் ஆகாது.”

அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். மாலையில் அலுவலகக் குழுவுக்கு நான் ஒரு செய்தி அனுப்பினேன்: ‘இன்று டபுள் அக்கா தரிசனம். லிஃப்ட், பூட்டு, மவுஸ், எல்லாம் ரெண்டு ரெண்டு.’ சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

பயிற்சியின்போதே அவருடைய நாத்தனாரையும் பார்த்தேன். அதே மருத்துவமனையில் நர்ஸ். நிரந்தர வேலை, மருத்துவமனை வளாகத்திலேயே குடியிருப்பு. அக்காவின் கணவர் லாரி ஓட்டப் போய் இடுப்பு உடைந்து வீட்டோடு இருப்பவர். கணவர், மகள், அக்கா மூவரும் அந்த நாத்தனார் வீட்டு முன்னறையில்தான் எட்டு வருடமாக இருந்தார்கள். அக்கா இன்னும் தற்காலிகம். வருடக் கடைசியில் நிரந்தரமாக்குவதாகக் கோப்பு நகர்ந்துகொண்டிருந்தது. நிரந்தரமானால் தனிக் குடியிருப்பு கிடைக்கும்.

“என்ன அண்ணி, கம்ப்யூட்டரெல்லாம் வந்திருச்சு. இனி உங்களைக் கையில பிடிக்க முடியாது” என்றார் நாத்தனார், கதவில் சாய்ந்தபடி.

“கத்துக்கறேன், அவ்வளவுதான்.”

“கத்துக்கோங்க, கத்துக்கோங்க. ஆர்டர் வந்தா வார்டு பூரா டீ வாங்கித் தரேன்னு சொல்லியிருக்கேன். சொல்லிப் பல வருஷமாச்சு. பாதிப் பேர் ரிட்டயரே ஆயிட்டாங்க.”

அக்கா சிரித்தார். நாத்தனார் போன பிறகு, திரையைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார். “பெருசா ஆசையெல்லாம் இல்ல தம்பி. நம்ம வீட்டுக் கதவை நாமளே பூட்டணும். பூட்டிட்டு ஒரு தடவை இழுத்துப் பாக்கணும். அங்கே ரெண்டாவது தடவை இழுத்தா, ‘என்ன, திருடன் வருவானா, இல்ல நாங்கதான் திருடங்களா’ன்னு கேள்வி வருது.”

நான்கு மாதம் ஆயிற்று. ஒருநாள் காலை, பட்டியல் மெதுவாகத் திறக்கிறது என்று புகார் வந்து நான் பதிவறையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு தையல்காரர் வந்தார். தடித்த கண்ணாடி. சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்தார். அக்காவுக்கு அவரைத் தெரியும்.

“என்ன மாஸ்டர், இன்னும் கூப்பிடலையா?”

“அதைக் கேக்கத்தாம்மா வந்தேன். நான் பதினஞ்சு. எனக்கு முன்னாடி பதினாலு, நம்ம பெயின்டர். ஒரே பெஞ்சுல உக்காந்துதான் சீட்டு வாங்கினோம். அவன் போய்ச் சேந்துட்டான்.”

“தெரியும் மாஸ்டர். நான்தான் அவர் பேரை எடுத்தேன்.”

“சரி. அப்போ நான் பதினாலு. நாலு மாசம். கணக்குப் பாத்தா இந்நேரம் ஊசியில நூல் கோத்திருக்கணும். இப்போ பொத்தானையும் காசையும் தடவித்தான் தெரிஞ்சுக்கறேன்.”

அக்கா தேடினார். பெயரை அடித்தார். மறுபடி அடித்தார். பட்டியலில் அவர் இல்லை.

தையல்காரர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோபப்படவில்லை. “அவனை அனுப்பறப்போ துணைக்கு என்னையும் சேத்து அனுப்பிட்டீங்களா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை அவர் கேட்டு முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. பதினான்கை நீக்கினால் பதினைந்து மேலே ஏறிப் பதினான்காகிறது. காலிப் பதில் வருகிறது. பெயர் திரையில் அப்படியே நிற்கிறது. அக்காவின் கை சும்மா இருக்காது. மறுபடி தட்டுகிறார். சர்வர் மறுபடியும் பதினான்கை நீக்குகிறது. இந்தமுறை அங்கே நிற்பவர் உயிரோடு இருப்பவர். பதில் அதே இருநூற்று நான்கு. சொல்ல வேறொன்றும் இல்லை.

நான்கு மாதத்தில் அவர் இருபத்து மூன்று பேரை நீக்கியிருந்தார். போனவர்கள் நாற்பத்தாறு பேர்.

ஒருவரும் புகார் செய்யவில்லை. எப்படிச் செய்வார்கள்? அவர்களுக்குச் சொல்லப்பட்டதே காத்திருங்கள், கூப்பிடுவோம் என்பதுதான். சொன்னபடி காத்திருந்தார்கள்.

லீடரிடம் ஓடினேன். உள்ளதைச் சொன்னேன். அவர் என் ஆவணத்தைத் திறந்து, ஒவ்வொரு பக்கமாகத் தள்ளி, கடைசியில் என்னைப் பார்த்தார்.

“வரிசை எண்ணால நீக்கறதுன்னு எழுதினது யாரு?”

“நான்தான் சார்.”

“கையெழுத்துப் போட்டது யாரு?”

“நீங்க.”

“அப்போ நம்ம ரெண்டு பேருக்கும் வேலை போகும். உங்கப்பாகிட்ட என்ன சொல்லுவே, பையன் நூறு தடவை யோசிச்சு வேலையைத் தொலைச்சான்னா?” பிறகு குரலை மாற்றினார். “நான் ஒண்ணும் பொய் சொல்லச் சொல்லலை. சிஸ்டம் என்ன கேட்டாங்களோ அதைச் செஞ்சிருக்கு. அந்தம்மா ரெண்டு தடவை கேட்டாங்க, ரெண்டு தடவை செஞ்சுது. இதுல பொய் எங்கே இருக்கு?”

இல்லைதான். அதுதான் அதிலிருந்த கொடுமை.

விசாரணை, மருத்துவமனைக் கண்காணிப்பாளரின் அறையில் நடந்தது. அவர் யாரிடமும் குரல் உயர்த்தாதவர், எல்லோரையும் ‘வாங்க, உக்காருங்க’ என்பவர். அக்காவையும் உட்காரச் சொன்னார். அக்கா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். மடியில் அந்த நோட்டு.

“ஒரு பேரை எடுக்க எத்தனை தடவை தட்டணும்மா?”

“ஒரு தடவை சார்.”

“நீங்க எத்தனை தடவை தட்டினீங்க?”

“ரெண்டு தடவை சார். பதில் ஒண்ணும் வரலை. அதான்.”

“எப்பவுமே ரெண்டா?”

அக்கா பதில் சொல்லுமுன் லீடர் மெதுவாக இருமினார். “சார், இது எங்க டீம்ல எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். ஆரம்பத்துலயே கவனிச்சோம். பேரே அப்படித்தான் வச்சிருந்தோம்.” என் பழைய செய்தியைக் கைப்பேசியில் எடுத்து நீட்டினார். கண்காணிப்பாளர் கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு, வாய்விட்டு வாசித்தார். லிஃப்ட், பூட்டு, மவுஸ், எல்லாம் ரெண்டு ரெண்டு. கீழே இருந்த சிரிப்புப் பொம்மைகளையும் பார்த்தார்.

அக்காவுக்கு அந்தப் பெயர் அதுவரை தெரியாது. நாங்கள் அவர் முகத்துக்கு நேரே அக்கா என்று மட்டும்தான் அழைத்திருந்தோம். அவர் என்னைப் பார்த்தார், சிரிக்க முயன்றார். தன்னைப் பற்றி யாரோ சொன்ன வேடிக்கையில் தானும் கலந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிற சிரிப்பு அது.

“அப்போ இது பழக்கம்” என்றார் கண்காணிப்பாளர்.

“சார், நான் கேட்டேன். பயிற்சியன்னிக்கே கேட்டேன்.” நோட்டைத் திறந்து மேசையில் வைத்தார். முத்து முத்தான கையெழுத்து. ‘நூறு தடவை தட்டினாலும் ஒன்றும் ஆகாது. தம்பி சொன்னது.’

“இது நீங்க எழுதினதுதானே?”

“ஆமா சார்.”

“அப்போ இது உங்க பேச்சு. அவர் பேச்சை அவர்தான் சொல்லணும்.” என் பக்கம் திரும்பினார். “நீங்க சொன்னீங்களா?”

மின்விசிறி சுற்றியது. நோட்டின் தாள் எழுந்து படிந்தது. நான் அந்த வரியைப் பார்த்தேன். என் வரி. என் ஆவணத்தில் இருந்த அதே வரி, அவர் கையெழுத்தில்.

“ஞாபகம் இல்லை சார்.”

அக்கா என் பக்கம் கொஞ்சம் சாய்ந்தார். பரீட்சையில் மறந்துபோனதை எடுத்துக் கொடுப்பவர் போல, கனிவாகத்தான் கேட்டார். “பரவால்ல தம்பி, பதறாம யோசிச்சு சொல்லுங்க. படிக்கட்டுல கூட அன்னிக்கு செருப்புச் சத்தம் கேட்டுச்சே. நான் கேட்டேன்ல, ரெண்டு தடவை தட்டிட்டா தப்பாயிடாதேன்னு?”

அவர் வழக்கப்படி இரண்டாவது முறையும் தட்டிப் பார்த்தார்.

“ஞாபகம் இல்லைக்கா.”

அதே கேள்வி, அதே பதில். நான் எழுதிய எல்லாவற்றிலும் ஆவணத்தின்படி சரியாக வேலை செய்தது அது ஒன்றுதான்.

அக்கா நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

ஆனால் அவரை உடனே வேலையைவிட்டு அனுப்பிவிடவில்லை. அவர் தேவைப்பட்டார். காலிப் பதில்கள் யாருடைய பெயரையும் மிச்சம் வைக்கவில்லை. ‘பதினான்கு நீக்கப்பட்டது’ என்று மட்டும்தான் பதிவு இருந்தது, எந்தப் பதினான்கு என்று இல்லை. பழைய பிரதி எடுத்து வைப்பது ஒப்பந்தத்தில் இல்லையென்று லீடர் செலவைக் குறைத்திருந்தார். எனவே காகித விண்ணப்பங்களிலிருந்து தவறாக நீக்கப்பட்ட இருபத்து மூன்று பேரைக் கண்டுபிடிக்க வேண்டும். அதைச் செய்ய அந்தக் கட்டடத்தில் அவர் ஒருவரால்தான் முடியும்.

மூன்று நாள் நானும் அவரும் பதிவறைத் தரையில் கட்டுகளைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அவர் ஒவ்வொரு தாளாக எடுத்துச் சொல்வார்: “இவங்க பேத்தி கையைப் பிடிச்சுட்டு வருவாங்க. பட்டியல்ல இருக்காங்களா பாருங்க.” பார்ப்பேன். “இல்லைக்கா.” ஒதுக்கி வைப்பார். என்னைப் பெயர் சொல்லியோ தம்பி என்றோ அழைக்கவில்லை. ‘பாருங்க’ மட்டும்தான். மூன்றாம் நாள் பகல் இருபத்து மூன்றும் கிடைத்துவிட்டன. இரண்டு முறை எண்ணினார்.

ஒவ்வொருவருக்கும் அவரே தொலைபேசியில் பேசினார். இருபத்தொரு பேருக்குத் தேதி கொடுக்கப்பட்டது. தையல்காரருக்கு முதல் தேதி. மற்ற இருவருக்கு அறுவை செய்து இனிப் பயனில்லை என்று மருத்துவர் எழுதிவிட்டார். அவர்களிடமும் அக்காவைத்தான் பேச வைத்தார்கள். ஒரு பாட்டுப் பயிற்சி ஆசிரியை, ஒரு காவலாளி. ஒருவர் அவரைத் திட்டினார். இன்னொருவர், “சரிம்மா, நீ சாப்பிட்டியா?” என்று கேட்டாராம். அதை என்னிடம் சொல்லிவிட்டு, பிரித்த கட்டுகளை மறுபடி கட்டத் தொடங்கினார்.

மறுநாள் காலை பணிநீக்க உத்தரவு வந்தது. நிரந்தர உத்தரவு வர வேண்டிய அதே மேசைக்கு. ‘பழக்கத்தின் காரணமாக ஏற்பட்ட தொடர் கவனக்குறைவு’ என்று இருந்தது. தற்காலிக ஊழியர் என்பதால் ஒரு நாள்கூட அவகாசம் தேவைப்படவில்லை.

அவர் மேசையைக் காலி செய்ய நாத்தனார்தான் வந்தார். ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு சால்வை, காய்ந்த மை அட்டை ஒன்று.

“அக்கா வரலையா?” என்று கேட்டேன்.

“எந்த முகத்தோட வருவாங்க? என் பேரும் சேத்து நாறுது வார்டுல.” சால்வையை உதறி மடித்தார். “பொண்ணைக் கூட்டிட்டு எங்க அண்ணனோட வேற இடம் பாத்துக்கச் சொல்லிட்டேன். நான் நிரந்தரம்ப்பா, எனக்கு எதுக்கு வம்பு?” மை அட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குப்பைக் கூடையில் போட்டார்.

எங்கள் அலுவலகத்தில் திருத்தம் முடிந்தது. இப்போது ஒவ்வொருவருக்கும் மாறாத தனி எண். வரிசை மாறினாலும் அந்த எண் மாறாது. நீக்கினால் பதில் காலியாக வராது. நீக்கப்பட்டவர் இன்னார் என்று விவரம் வரும். இரண்டாவது முறை தட்டினால் அப்படி ஒருவர் இல்லை என்று வரும். அக்கா முதல் நாளே கேட்ட ஒரு வார்த்தை. ஆவணத்தில் அதை என் யோசனை என்று லீடர் எழுதினார். பாராட்டினார்.

“உண்மையான ஒரு நீக்கலை வச்சு சோதிச்சிடு” என்றார். “பதிவறை ஊழியர் ஒருத்தரோட கணக்கை எடுக்கச் சொல்லி ஆஸ்பத்திரியிலேர்ந்து மெயில் வந்திருக்கு, அதுவும் இதே வழிதான்.”

யாருடைய கணக்கு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. தட்டினேன். பதில் விவரத்தோடு வந்தது.

‘நீக்கப்பட்டது: பதிவறை உதவியாளர், தற்காலிகம். பணிக்காலம்: பதினொரு வருடம் நான்கு மாதம்.’

சோதனை முழுமையாக வேண்டுமென்றால் இரண்டாவது முறையும் தட்ட வேண்டும். விரல் அதன் மேல் சற்று நேரம் நின்றது. தட்டினேன்.

‘அப்படி ஒருவர் இல்லை.’

“வேலை செய்யுதா?” என்று பின்னாலிருந்து லீடர் கேட்டார்.

“செய்யுது சார்” என்றேன்.